சிறு வடிவமைப்பு நிலையத்துக்குப் புதிய கணினி: எங்கிருந்து தொடங்குவது?

அழைப்பிதழ்_சாட்ஸ்வர்த்

அனைவருக்கும் வணக்கம். டர்பன் நகரின் சாட்ஸ்வர்த்தில் நானும் என் துணைவியாரும் வீட்டின் ஒரு பகுதியிலேயே சிறிய வடிவமைப்பு நிலையம் நடத்தி வருகிறோம். திருமண அழைப்பிதழ், புதுமனை புகுவிழா அட்டை, இரங்கல் அறிவிப்பு, கடைப் பெயர்ப்பலகை, காவடிக்கும் புரட்டாசிக்கும் கோயில்கள் கேட்கும் பேனர் ஆகியவையே எங்கள் வேலை. பேனரை வெளியே கொடுத்து அச்சிட்டு வாங்குகிறோம். வினைல் எழுத்துகளை மட்டும் எங்களிடமுள்ள பழைய கட்டிங் பிளாட்டரில் நாங்களே வெட்டிக்கொள்கிறோம்.

இப்போதுள்ள கணினியில் ஏழாம் தலைமுறை இன்டெல் ஐ7, 16 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10 ஆகியவை உள்ளன. பெரிய பேனர் ஒன்றை ஃபோட்டோஷாப்பில் திறந்து சேமிக்கக் கொடுத்தால், அது முடியும் வரை வேறு எதையும் தொட முடிவதில்லை. தைப்பூச வேலைகள் முடிந்து, சித்திரைப் புத்தாண்டு வேலைகள் தொடங்குவதற்கு முன் கிடைத்திருக்கும் இந்த இடைவெளியில் கணினியை மாற்றிவிட எண்ணுகிறோம். கையில் 30,000 ராண்ட் உள்ளது. கடையில் கேட்டால் விளையாட்டுக்கான, வண்ண விளக்கு எரியும் பெட்டிகளையே காட்டுகிறார்கள். விண்டோஸ் டெஸ்க்டாப், மேக் மினி, மடிக்கணினி ஆகியவற்றுள் எங்கள் வேலைக்கு எது பொருந்தும்?

பழுதுநீக்கி_பீனிக்ஸ்

வணக்கம் அண்ணா. எந்தக் கணினி என்ற கேள்விக்கு முன் மூன்று விவரங்கள் தேவைப்படுகின்றன. பிளாட்டர் கணினியோடு எந்த வகைக் கேபிளால் இணைகிறது? பேனர் கோப்பை என்ன அளவில், எத்தனை டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளிகள்) அமைக்கிறீர்கள்? தமிழுக்கு எந்த எழுத்துருக்களைப் பயன்படுத்துகிறீர்கள்? இவற்றுக்கு விடை தெரியாமல் பிராசசர் பெயரைச் சொல்வது வீண்.

மாற்ற வேண்டுமா என்பதில் மட்டும் எனக்கு ஐயமில்லை. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. வீட்டுப் பயனர்களுக்கான கூடுதல் பாதுகாப்புப் புதுப்பிப்புத் திட்டமும் 2026 அக்டோபர் 13 வரைதான். விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு அம்சம் தேவை, இன்டெல்லில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்கும். ஏழாம் தலைமுறையில் மிகச் சில விதிவிலக்குகளே உண்டு, உங்கள் ஐ7 பெரும்பாலும் அவற்றில் வராது. குறுக்கு வழியில் ஏற்றலாம் என்பார்கள். வாடிக்கையாளர் பணம் கொடுக்கும் வேலை நடக்கும் கணினியில் அதைச் செய்ய நான் சொல்ல மாட்டேன்.

அழைப்பிதழ்_சாட்ஸ்வர்த்

நன்றி தம்பி. பிளாட்டர் ஒன்பது ஊசிகள் கொண்ட சீரியல் கேபிளால் இணைகிறது. பேனர்கள் பெரும்பாலும் ஏ0 அளவு, சில அதைவிடப் பெரியவை. எல்லாமே 300 டிபிஐ. தமிழுக்குப் பழைய வேலைகளில் பாமினியும் அதையொத்த வேறு எழுத்துருக்களும், அண்மைக் கால வேலைகளில் லதா போன்ற யூனிகோடு எழுத்துருக்களும் உள்ளன. பழைய அழைப்பிதழ்களைத் திரும்ப எடுத்துப் பெயரையும் தேதியையும் மாற்றித் தருவதுதான் எங்கள் வருமானத்தில் பெரும்பங்கு என்பதால், அந்தக் கோப்புகள் திறக்காமற் போனால் நாங்கள் திண்டாடிப் போவோம்.

அச்சகம்_மாரிட்ஸ்பர்க்

சகோதரரே, அச்சகத்தில் உங்களைப் போன்றவர்களின் கோப்புகளை அன்றாடம் கையாள்பவள் என்ற முறையில் அந்த 300 டிபிஐ பற்றிச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

ஏ0 என்பது 841க்கு 1189 மி.மீ. அதை 300 டிபிஐயில் அமைத்தால் 9,933க்கு 14,043 பிக்சல், அதாவது ஏறத்தாழ 14 கோடிப் புள்ளிகள். அச்சின் நான்கு மை நிறங்களுக்கான சிஎம்ஒய்கே முறையில் புள்ளி ஒன்றுக்கு நான்கு பைட் என்று கொண்டால், முழுப் பரப்பையும் நிறைக்கும் ஒரே ஒரு லேயர் (பட அடுக்கு) நினைவகத்தில் 550 எம்பி அளவுக்கு இடம் பிடிக்கும். பின்னணி, கோபுரப் படம், முருகன் படம், மேலே ஒளிவட்டம், நிழல் என்று பத்து லேயர்கள் சேர்ந்தால் 5 ஜிபியைத் தாண்டிவிடும். அதற்கு மேல், நீங்கள் செய்த மாற்றங்களைத் திரும்பப் பெறுவதற்காக ஃபோட்டோஷாப் வைத்துக்கொள்ளும் வரலாற்றுப் படிகள் வேறு. இயல்பாக அது 50 படிகளை நினைவில் வைத்திருக்கும். உங்கள் 16 ஜிபியில் ஃபோட்டோஷாப் தனக்கென எடுத்துக்கொள்வது கிடைக்கும் ரேமில் 70 விழுக்காடு அளவே. அது நிறைந்ததும் மீதியை வட்டில் எழுதத் தொடங்குகிறது. உங்களிடம் இருப்பதோ சுழலும் ஹார்ட் டிஸ்க். நீங்கள் காத்திருப்பது அங்கேதான்.

அதே ஏ0 பேனரை 100 டிபிஐயில் அமைத்தால் லேயர் ஒன்றுக்குச் சுமார் 60 எம்பி. ஒன்பதில் ஒரு பங்கு. கோயில் வாசலில் மூன்று, நான்கு மீட்டர் தள்ளி நின்று பார்க்கும் பேனருக்கு 100 முதல் 150 டிபிஐ தாராளமாகப் போதும். எழுத்துகளை மட்டும் ஃபோட்டோஷாப்பில் தட்டாமல், படத்தை இல்லஸ்ட்ரேட்டரிலோ கோரல்டிராவிலோ வைத்து அதன் மேல் வெக்டாராக, அதாவது புள்ளிகளாக அல்லாமல் கோட்டு வடிவமாக, அமைத்துக் கொடுத்தால் எவ்வளவு பெரிதாக அச்சிட்டாலும் விளிம்பு கூர்மையாக வரும். கையில் பிடித்துப் படிக்கும் அழைப்பிதழுக்கு 300 டிபிஐ வேண்டும், அதில் மாற்றுக் கருத்தில்லை. அரை மீட்டர் தொலைவில் நின்று பார்க்கும் கண்காட்சிப் பலகை என்றால் அச்சகத்தைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

இதைச் செய்துவிட்டால் புதுக் கணினியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் 64 ஜிபி ரேமுக்குக் கொடுக்கவிருக்கும் பணம் கையில் தங்கும்.

மேக்_கேப்டவுன்

நான் அழகியல் பேச வரவில்லை. மின்சாரக் கணக்குப் பேச வருகிறேன். 2024ஆம் ஆண்டில் வந்த எம்4 மேக் மினி உச்சத்தில் 65 வாட் மட்டுமே எடுக்கும். 2023இல் லோட் ஷெடிங் (சுழற்சி முறை மின்வெட்டு) எப்படி இருந்தது என்பதை யாரும் மறந்திருக்க முடியாது. இப்போது நிலைமை பெரிதும் மேம்பட்டிருந்தாலும், துணை மின்நிலையப் பழுதும் கேபிள் திருட்டும் நின்றபாடில்லை. 12.8 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி ஒன்றில் 1,280 வாட்-மணி ஆற்றல் உண்டு. டெஸ்க்டாப்பும் திரையும் சேர்ந்து 250 வாட் இழுத்தால், இன்வெர்ட்டரில் வீணாவது போக நான்கு மணி நேரம் கிடைக்கும். மினியும் திரையும் சேர்ந்து சராசரியாக 70 வாட் என்றால் ஒரு முழு வேலை நாளே ஓட்டலாம். அடிப்படை மாடலிலேயே 16 ஜிபி ரேம் இருக்கிறது. கோரல்டிராவும் 2019 முதல் மேக்கில் மீண்டும் கிடைக்கிறது.

பழுதுநீக்கி_பீனிக்ஸ்

கேப்டவுன் அண்ணாவின் மின்கணக்குச் சரிதான். ஆனால் இவரிடம் இருப்பது சீரியல் கேபிள் பிளாட்டர். ஆப்பிள் சிப் உள்ள மேக்கில் விண்டோஸை நேரடியாக நிறுவ உதவும் பூட் கேம்ப் கிடையாது. மேக்குக்குள் வேறு இயங்குதளத்தை ஓட்டும் பேரலல்ஸ் வழியாக விண்டோஸ் ஏற்றினாலும் அது இன்டெல் அல்லாத ஆர்ம் வகைச் சிப்புக்கான விண்டோஸ், அதற்குப் பழைய பிளாட்டர் டிரைவர்கள் கிடைக்கா. இதே காரணத்துக்காகவே, மலிவாகவும் பேட்டரி நீடிப்பதாகவும் வரும், ஆர்ம் சிப் கொண்ட ஸ்னாப்டிராகன் மடிக்கணினிகளையும் இவர் தவிர்க்க வேண்டும். சாதாரண நிரல்களை அவை பாவனை செய்து ஓட்டிவிடும், ஆனால் டிரைவர்களை அப்படி ஓட்ட முடியாது. நாளை பெரிய அச்சு இயந்திரம் வாங்கினாலும் கதை இதுவே. ரோலண்டின் வெர்சாவொர்க்ஸ் உட்பட, கோப்பை அச்சுப் புள்ளிகளாக மாற்றித் தரும் அத்துறையின் ரிப் மென்பொருள்கள் பலவும் விண்டோஸுக்கு மட்டுமே வருகின்றன.

இன்னொன்றும் உண்டு. மேக் மினியில் ரேமைப் பின்னால் கூட்ட முடியாது, வாங்கும் நாளில் எடுத்ததுதான் கடைசி வரை. டெஸ்க்டாப்பில் இன்று 16 ஜிபி பட்டை இரண்டு போட்டு 32 ஜிபியோடு தொடங்கி, இரண்டு இடங்களைக் காலியாக விட்டு வைக்கலாம். 2025 இறுதியிலிருந்து ரேம் விலை ஏறிக் கிடக்கிறது, ஆகையால் தேவைக்கு மேல் இப்போது வாங்கிக் குவிக்க வேண்டாம். இல்லஸ்ட்ரேட்டரும் ஃபோட்டோஷாப்பில் நீங்கள் செய்யும் பெரும்பாலான வேலைகளும் பிராசசருக்குள் இருக்கும் கோர்கள் எனும் செயற்பகுதிகளின் எண்ணிக்கையைவிட ஒரு கோரின் வேகத்தையே நம்பி இருப்பவை, எனவே நடுத்தர பிராசசரே போதும். கிராஃபிக்ஸ் கார்டில் 8 ஜிபி இருந்தால் உங்கள் வேலைக்கு மிச்சம்தான். முப்பரிமாண வேலையும் வீடியோவும் செய்யாதவர் அதற்கு மேல் கொடுப்பது கடைக்காரருக்குச் செய்யும் தானம்.

இன்டெல் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ஐ7, ஐ9 யாராவது மலிவாகக் கொடுத்தால் ஒன்றைக் கவனியுங்கள். அவற்றில் மின்னழுத்தக் கோளாறு இருப்பதை இன்டெல்லே ஒப்புக்கொண்டு 2024இல் மைக்ரோகோடு திருத்தம் வெளியிட்டு, உத்தரவாதத்தையும் இரண்டு ஆண்டு நீட்டித்தது. அந்தத் திருத்தம் வரும் பயாஸை (கணினியின் அடிப்படை நிரலை) புதுப்பிக்காமல் ஓட்டிய பழைய பெட்டியாக இருந்தால் தொடாதீர்கள்.

எழுத்துரு_ஜோபர்க்

ஐயா, உங்கள் நிலையத்தின் முதலீடு அந்தப் பழைய கோப்புகளில்தான் இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆகவே எழுத்துருக்களைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுத அனுமதியுங்கள்.

பாமினியில் அமைத்த கோப்புக்குள் இருப்பது உண்மையில் தமிழ் அல்ல. 'அம்மா' என்று நீங்கள் தட்டியது உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றுதான் பதிவாகியிருக்கும். எழுத்துரு அதன் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்துகிறது. புதுக் கணினியில் அந்த எழுத்துரு இல்லாவிட்டால் மணமகன், மணமகள் பெயர் முதல் முகூர்த்த நேரம் வரை அனைத்தும் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாக நிற்கும். பாமினி ட்ரூடைப் வகை என்பதால் நிறுவிவிட்டால் தீர்ந்தது. ஆனால் உங்கள் எழுத்துருக் கோப்புறையில் பிஎஃப்பி, பிஎஃப்எம் என்று முடியும் கோப்புகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். அவை டைப் 1 எழுத்துருக்கள். அடோபி மென்பொருள்கள் 2023 ஜனவரி முதல் அவற்றை ஏற்பதில்லை. அந்த எழுத்துருவில் அமைந்த பழைய பிடிஎஃப் அச்சாகும், ஆனால் புதிய ஃபோட்டோஷாப்பில் அந்த எழுத்தைத் திருத்த முடியாது. இத்தகைய கோப்புகளை, இப்போதைய கணினி உயிரோடிருக்கும்போதே திறந்து, மாறாத பகுதிகளைக் கர்வாக (எழுத்துரு தேவைப்படாத கோட்டு வடிவமாக) மாற்றி ஒரு படி எடுத்துக்கொள்ளுங்கள். மாறும் பகுதிகளை யூனிகோடில் புதிதாகத் தட்டிவிடுவதே நல்லது.

யூனிகோடு பக்கம் வேறு சிக்கல் உண்டு. லதாவும் விஜயாவும் விண்டோஸ் 10 முதல் இயல்பாக நிறுவப்படுவதில்லை. அமைப்புகளில் விருப்ப அம்சங்கள் என்ற பகுதிக்குச் சென்று தமிழ் துணை எழுத்துருக்கள் என்பதைச் சேர்த்தால் இரண்டும் வந்துவிடும். அதைச் செய்யாமல் கோப்பைத் திறந்தால் நிர்மலா எழுத்துரு அந்த இடத்தில் உட்கார்ந்து, வரி உடையும் இடங்கள் எல்லாம் மாறிவிடும். மேக்கிலும் லதா கிடையாது, அங்கே வருவன தமிழ் சங்கம், இணைமதி போன்றவை.

மூன்றாவதாக, இல்லஸ்ட்ரேட்டரைப் புதிதாக நிறுவினால் முன்னுரிமைகளில் டைப் பகுதிக்குச் சென்று இந்திய மொழி விருப்பங்களைக் காட்டும்படி குறியிடுங்கள். பிறகு பத்திப் பலகையில், எழுத்துகளை வரியில் அடுக்கும் முறையான கம்போசர்களுள் வேர்ல்ட்-ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் 'கொ' என்பதில் கொம்பு முன்னால் வராமல் ககரத்துக்குப் பின்னால் தொங்கும். தமிழ் படிக்கத் தெரியாத இளைய தலைமுறை வடிவமைப்பாளர்கள் அப்படியே அச்சுக்கு அனுப்பிய பேனர்களை இந்த நாட்டில் நான் கண்டிருக்கிறேன். சங்கடமான காட்சி அது.

அடோபி சந்தா கட்டுப்படியாகாதவர்களுக்கு ஒரு சொல்: இங்க்ஸ்கேப் தமிழைச் சரியாகவே காட்டும், பக்க வடிவமைப்புக்கான ஸ்கிரைபஸும் 1.6 பதிப்பு முதல் தமிழைக் கையாள்கிறது. இலவசமாகக் கிடைக்கும் வேறு எதையும், ஒரு முழு அழைப்பிதழைத் தட்டிப் பார்க்காமல் நம்பிவிட வேண்டாம்.

கணக்கர்_லெனேசியா

வரி பற்றிச் சுருக்கமாக. தனிக் கணினிக்கு வரித்துறையான சார்ஸ் ஏற்கும் தேய்மானக் காலம் மூன்று ஆண்டு. 7,000 ராண்டுக்குக் குறைவான பொருளை வாங்கிய ஆண்டிலேயே முழுதாகக் கழிக்கலாம், ஆனால் அது தனித்து இயங்கும் பொருளாக இருக்க வேண்டும். ரேம் தனி, பெட்டி தனி, பிராசசர் தனி என்று பில்லைப் பிரித்து வாங்கி ஒவ்வொன்றையும் 7,000க்குள் அடக்கும் யோசனையுடன் ஆண்டுதோறும் யாராவது என்னிடம் வருகிறார்கள், அது செல்லாது. வாட் (மதிப்புக் கூட்டு வரி) பதிவு இருந்தால் 15 விழுக்காட்டைத் திரும்பப் பெறலாம், முறையான வரி விலைப்பட்டியல் கையில் இருந்தால் மட்டும்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கடையில் வாங்கிய பொருள் பழுதானால் ஆறு மாதத்துக்குள் பழுதுநீக்கம், மாற்றுப் பொருள், பணம் ஆகியவற்றில் எது வேண்டும் என்பதை நீங்களே சொல்லலாம். உற்பத்தியாளரின் முறையான வழியில் வராத இறக்குமதிப் பொருளாக இருந்தால் கடைக்காரர் அதைத் தெளிவாக அறிவித்தாக வேண்டும். விலை வழக்கத்துக்கு மாறாகக் குறைவாக இருந்தால் அந்த அறிவிப்பைத் தேடிப் படியுங்கள்.

அச்சகம்_மாரிட்ஸ்பர்க்

திரையைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே! "திரையில் பளிச்சென்று இருந்தது, அச்சில் இருண்டுவிட்டது" என்ற குறையை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று சொல்ல முடியாது. பெரும்பாலும் காரணம் ஒன்றே: திரையின் வெளிச்சத்தை உச்சத்தில் வைத்து வேலை செய்திருப்பார்கள். பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் மாறாத ஐபிஎஸ் பலகை, எஸ்ஆர்ஜிபி என்னும் வழக்கமான நிற வரம்பு முழு அளவு, வெளிச்சம் சதுர மீட்டருக்கு 100 முதல் 120 கேண்டெலா, இவ்வளவு போதும். அளவுத்திருத்தக் கருவியை இரண்டு மூன்று நிலையங்கள் சேர்ந்து ஒன்று வாங்கிப் பகிர்ந்துகொள்ளலாம், அன்றாடம் தேவைப்படும் பொருளல்ல அது. அச்சுப் படியைச் சரிபார்க்கும் மேசைக்கு மேல் 5000 கெல்வின் விளக்கு ஒன்று மாட்டுங்கள். மஞ்சள் பல்பின் கீழ் குங்குமச் சிவப்பையும் செங்கல் நிறத்தையும் பிரித்தறிய முடியாது.

அழைப்பிதழ்_சாட்ஸ்வர்த்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நானும் துணைவியாரும் இரவு உட்கார்ந்து பேசினோம். காவடி பேனர் கோப்பின் படி ஒன்றை 120 டிபிஐக்குக் குறைத்துப் பார்த்தபோது, பழைய கணினியிலேயே அது தடங்கலின்றி நகர்ந்தது. அக்கா சொன்ன கணக்கு கண்முன் தெரிந்தது. ஆகவே நடுத்தர பிராசசர், 32 ஜிபி ரேம், நிரல்களுக்கும் நடப்பு வேலைகளுக்கும் 1 டிபி என்விஎம்ஈ எஸ்எஸ்டி (சுழலாத வேகமான வட்டு) கொண்ட விண்டோஸ் டெஸ்க்டாப் என்று முடிவு செய்திருக்கிறோம். மிச்சப்படும் பணத்தில் திரையும் விளக்கும். மேக் மினி மீது துணைவியாருக்கு இன்னும் ஆசை உண்டு. பிளாட்டர் ஓய்வு பெறும் காலத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைத்திருக்கிறோம். இரண்டு ஐயங்கள் மட்டும் எஞ்சியுள்ளன. புதுப் பெட்டியில் சீரியல் துளை இல்லாததால் யூஎஸ்பி மாற்றி வாங்கலாமா? யூபிஎஸ் எப்படிப்பட்டது வேண்டும்?

பழுதுநீக்கி_பீனிக்ஸ்

மாற்றி வாங்க வேண்டாம் அண்ணா, பழைய கணினியையே பிளாட்டருக்கென்று விட்டுவிடுங்கள். இணையக் கேபிளைக் கழற்றி, வைஃபையை அணைத்து, வெட்ட வேண்டிய கோப்பை யூஎஸ்பி குச்சியில் மட்டும் கொண்டுபோங்கள். இணையம் தொடாத கணினிக்கு விண்டோஸ் 10இன் காலாவதி பெரிய இடையூறு அல்ல. அதிலுள்ள ஹார்ட் டிஸ்க் வயதானது. ஒரு சிறிய சாட்டா எஸ்எஸ்டிக்கு அப்படியே குளோன் செய்து மாற்றிவிட்டு, பழைய வட்டை உறையில் போட்டு அலமாரியில் வையுங்கள். அதுவே உங்கள் கூடுதல் காப்புப் படி.

யூபிஎஸ் ப்யூர் சைன் வேவ் வகையாக, அதாவது வீட்டு மின்சாரத்தைப் போன்ற சீரான அலை தருவதாக இருக்கட்டும். இக்காலப் பவர் சப்ளைகளில் மின்சாரத்தைச் சீராக இழுக்கும் ஆக்டிவ் பிஎஃப்சி இருப்பதால், மலிவான போலி சைன் அலை யூபிஎஸ் பேட்டரிக்கு மாறும் அந்த நொடியிலேயே சில பெட்டிகள் அணைந்துவிடும். மின்சாரம் போவதைவிடத் திரும்பி வரும்போது பாயும் அழுத்தமே அதிகம் சேதம் செய்கிறது, எனவே சர்ஜ் பாதுகாப்பும் சேர்த்து வாங்குங்கள். நீங்கள் கடலுக்குப் பக்கத்து ஊர். பெட்டியை ஜன்னலோரம் வைக்காமல், மாதம் ஒரு முறை தூசு வடிகட்டியைத் துடைத்தால் போதும்.

அழைப்பிதழ்_சாட்ஸ்வர்த்

பெட்டி வந்துவிட்டது. லதாவை விருப்ப அம்சங்களிலிருந்து நிறுவியாயிற்று. ஆனால் ஜோபர்க் ஐயா சொன்ன இந்திய மொழி விருப்பத்தைக் குறியிட்ட பிறகும், பழைய அழைப்பிதழ் ஒன்றில் 'பொன்னான நேரம்' என்ற வரியில் மட்டும் கொம்பு இடம் மாறியே நிற்கிறது. புதிதாகத் தட்டினால் சரியாக வருகிறது. பழைய கணினியில் நிறுவியிருந்த வேறு இரண்டு எழுத்துருக்களை எடுக்க அங்குள்ள விண்டோஸ் எழுத்துருக் கோப்புறையில் தேடிப் பார்த்தேன், காணவில்லை.

எழுத்துரு_ஜோபர்க்

கம்போசர் என்பது பத்திக்குப் பத்தி ஒட்டியிருக்கும் பண்பு, ஐயா. முன்னுரிமையில் குறியிட்டால் அந்தத் தேர்வு உங்கள் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும், அவ்வளவுதான். ஏற்கெனவே உள்ள பத்திகள் பழைய கம்போசரிலேயே இருக்கும். அந்த வரியைத் தேர்ந்தெடுத்துப் பத்திப் பலகையின் மெனுவில் வேர்ல்ட்-ரெடி என்று மாற்றினால் கொம்பு இடத்துக்கு வந்துவிடும். எழுத்துருக்கள் காணாமற் போகவில்லை. விண்டோஸ் 10இன் பிற்காலப் பதிப்புகளில், நிர்வாகி உரிமையின்றி நிறுவும் எழுத்துரு அந்தப் பயனரின் ஆப்டேட்டா கோப்புறைக்குள் உள்ள லோக்கல், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், ஃபான்ட்ஸ் என்ற வழியில் போய் உட்காரும். அந்தக் கோப்புறை மறைந்திருக்கும், காட்டச் சொல்லித் திறந்து பாருங்கள். அங்கிருந்து எடுத்து, புதுக் கணினியில் வலச் சொடுக்கி எல்லாப் பயனர்களுக்கும் நிறுவு என்று கொடுங்கள்.